ஏழாம் மாதத்தில்தான் எனக்குத் தெரிந்தது

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் சுகம் என்று உன் அப்பா சொல்லித் தெரிந்துகொண்டேன். இப்போதெல்லாம் உன்னைப் பற்றிய எதையும் அவர் வாயிலிருந்துதானே நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அவர் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார், நான்தான் அவரோடு பேசுவதில்லை. பதினோரு நாளாக நீ கூப்பிடக் கூப்பிட நான் போனை எடுக்காததற்கு அப்பா என்னவெல்லாம் காரணம் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும், பேக்கரியில் வேலை அதிகம், போன் ரிப்பேர், தலைவலி. ஒன்றும் நம்பாதே. போனில் பேசினால் ஒன்று கத்துவேன் இல்லாவிட்டால் அழுவேன், இரண்டுமே இந்த நேரத்தில் உன் காதுக்கு ஆகாது, அதனால்தான் கடிதம். நான் கடிதம் எழுதி எத்தனை வருஷம் ஆயிற்று தெரியுமா, கை வலிக்கிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

பேக்கரியில் பெரிய அடுப்பை மாற்றியாகிவிட்டது. புது அடுப்பு ஒரு பக்கம் கருக்குகிறது, மறுபக்கம் வெளுக்கிறது, நான் தட்டைத் திருப்பித் திருப்பி வைத்தே தோள்பட்டை போய்விட்டது. அப்படி ரஸ்க் தட்டைத் திருப்பிக்கொண்டிருந்தபோதுதான் முதலாளியம்மா வந்து, என்னைப் பார்க்க யாரோ ஒரு பெண் வந்திருக்கிறாள் என்றாள். வெளியே வந்தால் தலை நிறையச் சுருட்டைமுடியோடு ஒரு பெண், கையில் பழப்பை. உன் மூக்குக்கண்ணாடிக் கடையில் உன்னோடு வேலை பார்ப்பவளாம், பயிற்சி வகுப்புக்காக இந்தப் பக்கம் வந்தவள் என்னைப் பார்க்காமல் போகக் கூடாது என்று தேடிப் பிடித்து வந்திருக்கிறாள். "ஆன்ட்டி, நீங்கதானா பிஸ்கட் அம்மா!" என்று என் மாவுக்கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. "உங்க டின் வர்ற அன்னைக்கு எங்க கடையில யாரும் மதியம் சாப்பிடறதே இல்ல ஆன்ட்டி, வெண்ணெய் பிஸ்கட்டுக்கு அடிதடியே நடக்கும். பாவம், அவ மட்டும் ஒண்ணுகூடத் தொடமாட்டா. சுகர்னு தெரிஞ்சு மூணு மாசமா என்ன ஒரு கட்டுப்பாடு! விரல்ல ஊசி குத்திக் குத்திப் பார்க்கறதைப் பார்த்தா எங்களுக்கே அழுகை வரும்" என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "ஆமாம்மா, அவ சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், சொன்ன பேச்சு கேட்பா" என்றேன். எல்லாம் தெரிந்தவள் மாதிரி. பெற்ற மகளுக்குச் சர்க்கரை இருப்பதை ஒரு மூன்றாம் மனுஷி சொல்லித் தெரிந்துகொள்கிறேன் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று அவ்வளவு வேகமாக என் வாய் பொய் சொன்னது. அவளுக்கு ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு உள்ளே வந்தால் ஒரு தட்டு ரஸ்க் முழுக்கக் கரி.

நாலு டின் அனுப்பினேன். மூன்றாம் மாதத்திலிருந்து மாதம் ஒன்று. வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு நின்று, உனக்கென்று தனியாகப் பிசைந்து, உடையாமலிருக்க ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் காகிதம் வைத்து. ஒவ்வொரு முறையும் நீ போனில், "வந்துச்சும்மா, சூப்பரா இருந்துச்சு, நேத்தே பாதி காலி" என்றாய். பாதி காலியானது உண்மைதான், யார் வாயில் என்பதைத்தான் நீ சொல்லவில்லை. ஒரு முறை "இன்னும் கொஞ்சம் இனிப்பு தூக்கலா இருக்கலாம்மா" என்றுகூடச் சொன்னாயே, அது எதற்கடி? அதை யார் தின்றுவிட்டு உன்னிடம் சொன்னது? அடுத்த டின்னுக்கு நான் சர்க்கரையைக் கூட்டிப் போட்டேன்.

அன்று சாயங்காலம் அப்பா பஸ் டெப்போவிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டேன், உங்கள் மகளுக்குச் சர்க்கரையாமே என்று. மனிதர் அதிர்ச்சியடைவார், நாற்காலியைத் தேடுவார் என்று நினைத்தேன். அவர் செருப்பை வரிசையாக வைத்தார், தண்ணீர் குடித்தார், பிறகு "யார் சொன்னா?" என்றார். எனக்கு அந்த ஒரு கேள்வியிலேயே எல்லாம் புரிந்துவிட்டது. அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. முதல் பரிசோதனையில் உன் எடை தொண்ணூற்றிரண்டு கிலோ என்று எழுதினார்களாம். நீ பயந்துபோய் நாளையிலிருந்து பட்டினி கிடக்கிறேன் என்றாயாம், அங்கே இருக்கும் செவிலியக்கா உன்னை உட்கார வைத்து, இது எடையைக் குறைக்கும் நேரமில்லை, பட்டினி பிள்ளைக்கு ஆகாது, பிரசவம் வரைக்கும் ஏழெட்டு கிலோவுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று பொறுமையாகச் சொன்னாளாம். தட்டில் பாதி காய்கறி, பாட்டில் ஜூஸுக்குப் பதில் தண்ணீர், இரண்டு பேருக்காகச் சாப்பிடுவது என்ற பேச்சே கூடாது, ஒரே வேளையில் வயிறு முட்டச் சாப்பிடாமல் பிரித்துப் பிரித்து. மாப்பிள்ளை சமைக்கக் கற்றுக்கொண்டார் என்பதையும், சனிக்கிழமை நீங்கள் இருவரும் நீச்சல் குளத்துக்குப் போகிறீர்கள் என்பதையும் அப்பா வரிசையாகச் சொன்னார். மழைக்குக்கூட ஒதுங்கி நிற்கும் என் மகள் குளத்தில் இறங்குகிறாள், அதைக்கூட யாரும் எனக்குச் சொல்லவில்லை. இதுவரை ஏறியது நாலு கிலோதான் என்றும் சொன்னார். எவ்வளவு பெருமையாகச் சொன்னார் தெரியுமா, என்னமோ அவரே சுமக்கிற மாதிரி.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். அந்த நடை விஷயம்தான் என்னைக் குத்தியது. நாலைந்து மாதமாக அவர் தினமும் முக்கால் மணி நேரம் தாமதமாக வருகிறார், பஸ் எல்லாம் லேட், நேரம் எழுதி முடிக்க வேண்டாமா என்பார். பேண்ட் தொளதொளவென்று ஆகி, பெல்ட்டில் ஆணியடித்துப் புது ஓட்டை போட்டுக்கொண்டார். எனக்குள் என்னென்ன எண்ணமெல்லாம் வந்தது என்று உன்னிடம் சொல்ல முடியாது, இந்த வயதில் இந்த மனிதருக்கு என்ன வந்தது என்று அவர் சட்டைப்பையைக்கூட ஒரு நாள் தேடினேன், பழைய டிக்கெட்டும் வெற்றுப் பேனாவும்தான் இருந்தன. கடைசியில் பார்த்தால் ஐந்தரை மணிக்கு அவர் டெப்போவைச் சுற்றி நடக்கிறார், உன் நாட்டில் அப்போது மதியம், நீ அங்கே சாப்பாடு முடித்துக் கடைத்தெருவில் நடக்கிறாய், இரண்டு பேர் காதிலும் போன். முதலில் பத்து நிமிஷம், அப்புறம் இருபது, இப்போது அரை மணி. டிரைவர், கண்டக்டர் எல்லோருக்கும் தெரியுமாம், அவருக்கு ஏழு சுற்று என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்களாம், "சார், பேரப்புள்ள இன்னைக்கு எட்டி உதைச்சுதா?" என்று பஸ்ஸிலிருந்தே கேட்பார்களாம். ஒரு டெப்போ முழுக்கத் தெரிந்த செய்தி, இங்கே சமையலறையில் நிற்கிறவளுக்குத் தெரியவில்லை. பிள்ளை முதன்முதலில் அசைந்ததை எனக்கு ஒரு வாரம் கழித்துச் சொன்னாய், அதுவும் அப்போதுதான் அசைந்த மாதிரி. நானும் போனை வைத்துவிட்டு ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். அவரும் "அப்படியா!" என்று கண்ணை அகல விரித்தார். இந்த வீட்டில் எனக்கு எதிரில் இவ்வளவு நன்றாக நடிக்கிற மனிதரோடு முப்பத்தொரு வருஷம் வாழ்ந்திருக்கிறேன்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் தயங்கித் தயங்கி நீ சொன்னதையே சொன்னார். "அம்மாகிட்ட சொன்னா ஒண்ணு அழுவாங்க, இல்லன்னா பட்டினி போடச் சொல்லுவாங்க, ரெண்டும் முடிஞ்சதும் பிஸ்கட் அனுப்புவாங்க" என்றாயாம். அதோடு விடவில்லை. உன் பதினாலாவது வயதில் துணிக்கடையில் நான் கடைக்காரரிடம், இவளுக்குப் பெண்பிள்ளை அளவெல்லாம் பத்தாது, ஆம்பளை அளவில் எடுத்துப் போடுங்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னேனாம், கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்களாம், உன் வகுப்புப் பெண் ஒருத்தியும் அங்கே நின்றாளாம். சத்தியமாக எனக்கு அது ஞாபகமில்லை. நீ பதினைந்து வருஷமாக மறக்கவில்லை என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அப்படிப் பேசிய நானேதான், ராத்திரி நீ சோர்ந்து உட்கார்ந்தால் கேக்கின் ஓரத்தை வெட்டி ஊட்டினேன். ஒரு கையால் கொடுத்து இன்னொரு கையால் அடித்திருக்கிறேன். அதைச் சொல்லி என் முகத்தில் அறைந்திருக்கலாம் நீ, வாங்கிக்கொண்டிருப்பேன். சொல்லாமலே ஒதுக்கி வைத்தாய் பார், அதுதான்.

அப்போது நான் அப்பாவிடம் கத்தினேன், பெற்றவளிடம் மறைக்கிற பிள்ளையையும் அதற்குத் துணை போகிற புருஷனையும் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா என்று. அவர் என்னையே பார்த்துவிட்டு, "அவ உன்கிட்ட கேட்டப்போ நீ என்ன சொன்னே?" என்றார். மூன்றாம் மாதத்தில் நீ ஆஸ்பத்திரியிலிருந்தே கூப்பிட்டாய், "அம்மா, நான் வயித்துல இருந்தப்போ உங்களுக்குச் சுகர் இருந்துச்சா, இங்க கேக்கறாங்க" என்றாய். எனக்கு அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது, நீ அலுங்காமல் பிறந்தாய் என்றேன். நீ அப்படியே எழுதிக் கொடுத்தாய். அது பொய் என்று அப்பா அடுத்த வாரமே உனக்குச் சொல்லிவிட்டார் என்பதும், அதனால்தான் சீக்கிரமே சோதித்து உனக்குச் சர்க்கரை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவர் என்ன சொன்னாரோ, எவ்வளவு சொன்னாரோ, என் கதையை நானே சொல்கிறேன், கேட்டுக்கொள்.

உன்னைச் சுமந்தபோது எனக்கும் சர்க்கரைதான். கடைசி இரண்டு மாதத்தில்தான் கண்டுபிடித்தார்கள், இனிப்பை நிறுத்து, நட என்றார்கள். என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் சாப்பிடு சாப்பிடு என்றார்கள், எனக்கும் பசித்தது, பேக்கரியில் வேறு வேலை, நான் கேட்கவில்லை. நீ நாலே கால் கிலோ. பார்த்தவர்கள் எல்லோரும் கொழுகொழுவென்று என்ன அழகு என்றார்கள். இரண்டு மணி நேரத்தில் உன் கை கால் வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தது, உன் இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று தூக்கிக்கொண்டு போய்க் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். விரல் நீளப் பாதத்தில் ஊசி. மூன்று நாள் நான் உன்னைத் தொடவில்லை. வார்டில் பன்னிரண்டு கட்டில், எல்லாக் கட்டிலிலும் தாயும் பிள்ளையும், என் கட்டிலில் நான் மட்டும். அங்கிருந்த வயதான நர்ஸ் ஒருத்தி எல்லோருக்கும் கேட்கும்படி, "வாயைக் கட்டியிருந்தா குழந்தைக்கு இந்தக் கதி வந்திருக்குமா?" என்றாள். பன்னிரண்டு கட்டிலும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு வார்டு வாசலில் உன் அப்பாவிடம் சத்தியம் வாங்கினேன், இது நம் இருவரோடு போகட்டும், பிள்ளைக்குக்கூடத் தெரியக் கூடாது என்று. வந்தவர்களிடமெல்லாம் மஞ்சள் காமாலைக்காக வெளிச்சத்தில் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னோம். நீ நன்றாகி வந்தாய், நான் அந்த மூன்று நாளைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டேன். நீ ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டபோது அந்த நர்ஸின் குரல்தான் என் காதில் விழுந்தது, அதனால் இல்லை என்றேன். இதைக் காரணமாகச் சொல்கிறேன், நியாயமாகச் சொல்லவில்லை.

அவர் சத்தியத்தை உடைத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியாமல் இல்லை. நீயும் ஏழாம் மாதத்தில்தான் தெரிந்துகொண்டிருப்பாய், அதுவரை என் டின்களை ஆசையாகத் தின்றுகொண்டிருப்பாய். அவர் செய்தது சரி. சரியான காரியத்தைச் செய்தவர் மேல் கோபப்பட முடியாதது எவ்வளவு பெரிய தண்டனை என்று உனக்குத் தெரியுமா? ஆனால் சரி என்பதற்காக வலிக்காமல் போய்விடுமா? இருபத்தொன்பது வருஷம் காத்த வாக்கை உடைத்தவர், உடைத்துவிட்டேன் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னையும் அந்த நடைக்குக் கூப்பிட்டிருக்கலாம். அவர் டின்னைத் தூக்கிக்கொண்டு தபாலாபீசுக்குப் போனார் பார், நாலு முறையும், அது உன் வயிற்றுக்குப் போகாது என்று தெரிந்தே. அதைக் கேட்டதற்கு, "உன் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்னு பார்த்தேன்" என்றார். ஒன்பது நாள் அவருக்குச் சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டேன். பத்தாவது நாள் அவரே முட்டையும் காய்கறியும் சமைத்து இரண்டு தட்டில் போட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டேன். பேசவில்லை. உப்பு இல்லை என்பதைக்கூடச் சொல்லவில்லை.

இனிச் சொல்லப்போவது வேறு யாருக்கும் தெரியாது. நேற்று காலை பேக்கரிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, வெறும் வயிற்றோடு சுகாதார நிலையத்துக்குப் போனேன். நீ பிறந்தபோதே டாக்டர் சொன்னார், பிரசவத்தோடு இது போய்விடும், ஆனால் பின்னாளில் நிரந்தரமாக வரலாம், வருஷா வருஷம் சோதித்துக்கொள் என்று. நான் ஒரு வருஷம்கூடப் போகவில்லை. மாவைக் கிராம் கணக்காக நிறுக்கிறவள், அந்தச் சுகாதார நிலையத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெறும் வயிற்றில் நூற்று அறுபத்தெட்டு. மூன்று மாதச் சராசரி எட்டுக்கு மேல். அங்கே இருந்த பெண் டாக்டருக்கு உன் வயதுதான் இருக்கும். "எத்தனை வருஷமா இருக்குன்னே தெரியலையேம்மா, ஏன் இவ்வளவு நாள் வரல?" என்றாள். திட்டவில்லை, கேட்டாள், அவ்வளவுதான். நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவள் வெளியே இருந்தவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். அப்படி ஒருத்தி எனக்கு இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் கிடைத்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன். மாத்திரை கொடுத்திருக்கிறாள், நடக்கச் சொல்லியிருக்கிறாள், கண்ணைச் சோதிக்கச் சொல்லியிருக்கிறாள். மருந்துச் சீட்டு என் வேலை அங்கியின் பையில் இருக்கிறது.

உன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, தீர்ந்தது என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். உன்னைக் கேலி செய்தவள்தான் நான், மறுக்கவில்லை, ஆனாலும் நான் உன் அம்மா, எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சுருட்டைமுடிப் பெண்ணுக்கு முன்னால் நான் சிரித்த சிரிப்பை நீ பார்த்திருந்தால் உனக்கே தாங்காது. இருந்தாலும் நீ செய்கிற காரியத்தைப் பார்க்கிறேன், நான் காது கொடுக்காத ஒன்றை நீ இந்த உடம்போடு, வேலைக்கும் போய்க்கொண்டு, யாரும் மிரட்டாமல் செய்கிறாய். அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை மூடினால் நான் மனுஷி இல்லை. கடையில் நெடுநேரம் நிற்காதே, கால் வீங்கினால் உயர்த்தி வை. எடை பார்க்கப் போகும் நாளில் காலைச் சாப்பாட்டைத் தவிர்க்காதே, நீ அந்த மாதிரி செய்யக்கூடியவள், எனக்குத் தெரியும். தலைவலி, கண் மங்கல், முகம் வீங்குவது, பிள்ளையின் அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் யாருடைய டியூட்டி முடியும்வரையும் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. மாப்பிள்ளையிடம் சமையலுக்கு என் பாராட்டைச் சொல், அவரும் கூட்டுக் களவாணிதான் என்பதையும் சொல்.

நீயும் உன் பிள்ளையும் எந்தக் கண்ணாடிப் பெட்டியும் இல்லாமல் முதல் நாளே ஒருவர் மேல் ஒருவர் கிடந்து தூங்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம், அதைவிடப் பெரிதாக எனக்கு எதுவும் கேட்கத் தெரியவில்லை. மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று: பிரசவமான ஆறாம் வாரத்திலும், அதற்கப்புறம் வருஷா வருஷமும் சர்க்கரையைச் சோதித்துக்கொள், அந்த ஒன்றில் என் மகளாக இருக்காதே. எனக்குப் பேக்கரி வேலை மதியம் இரண்டு மணிக்கு முடிகிறது, உனக்கு அங்கே அப்போது காலை, கடைக்குக் கிளம்புகிற நேரம். இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளிலிருந்து அந்த நேரத்துக்குக் கூப்பிடு. பின் வாசலிலிருந்து வீடு வரைக்கும் நடந்தே வரப்போகிறேன், எனக்கு மூச்சு வாங்கும், பேச்சை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். என் சர்க்கரை விஷயத்தை அப்பாவிடம் நானே சொல்வேன், இன்னும் நாலைந்து நாள் போகட்டும். அதுவரை உனக்கு மட்டும்தான் தெரியும், அவர் ஐந்தரை மணிக்குப் பேசும்போது வாயைத் திறந்துவிடாதே.

இன்னும் கோபத்தோடு,
உன் அம்மா